நோட்டீஸ் போர்டில் என் போட்டோ

"படிங்கக்கா" என்றாள் நித்யா.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். கேண்டீனுக்குப் போகிற வழியில், குடிதண்ணீர்க் குழாய்களுக்கு மேலே இருக்கும் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. பின்னால் டிபன் டப்பாக்கள் திறக்கும் சத்தம். யாரோ கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார்கள். எனக்குப் பசி வேறு.

போர்டில் ஐந்து போட்டோக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. நான்காவது நான். மெரூன் புடவை, பெரிய பொட்டு, பல் தெரியச் சிரிப்பு.

"எதைடி படிக்கறது? என் மூஞ்சியையா?"

"மூஞ்சிக்குக் கீழ எழுதியிருக்குதே, அத."

"அது கன்னடம். எனக்குக் கன்னடம் படிக்க வராதுன்னு தெரியாதா உனக்கு?"

அவள் பிடி தளர்ந்தது. நான் பொய் சொல்கிறேனா என்று பார்ப்பவள் போல என் முகத்தையே பார்த்தாள்.

"நிஜமாவாக்கா? ரெண்டு வருஷமா உங்க போட்டோ இங்க இருக்குது. எதுக்குன்னே தெரியாதா?"

"ஏன் தெரியாது? நல்லா வேலை செய்றவங்க போட்டோ."

நித்யா எப்போதும் சிரிக்கிற பெண். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: 'இத்தனை வருஷம் கார்மென்ட்ஸில் உழைத்தீர்களே, ஒரு பரிசாவது கொடுத்தார்களா?' கொடுத்தார்கள் என்றுதான் அம்மா நானும் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூத்தைத்தான் இப்போது சொல்ல வந்தேன். சொல்லி முடிக்கும்போது நீங்களாவது எனக்கு ஒரு தெளிவு சொன்னால் நல்லது. இன்றுவரை எனக்குக் குழப்பந்தான்.

மெரூன் புடவை

பெங்களூரு பீன்யாவில் எங்கள் ஃபேக்டரி. வெளிநாட்டுக் கடைகளுக்குச் சட்டை தைக்கிற இடம். பேர் வேண்டாம். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பெண்கள், பின்னால் நின்று அதட்டுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். இந்த ஒரு வரியில் அந்த ஃப்ளோரை நீங்கள் பார்த்துவிடலாம்.

துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களை 'பையர்' என்போம். பையர் வருகிறார் என்றால் ஃபேக்டரி கல்யாண வீடாகிவிடும். கக்கூசில் சோப்பு வரும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும். சூப்பர்வைசர்கள் வாயில் 'வாங்க, போங்க' வரும். அப்படி ஒரு பையர் வரப்போகிற வாரத்தில்தான் எச்.ஆர். மேடம் எங்கள் பேட்சுக்கு, அதாவது எங்கள் மெஷின் வரிசைக்கு வந்து, "கலாவதி, நாளைக்கு நல்ல புடவை கட்டிக்கிட்டு வாங்க, போட்டோ எடுக்கணும்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. நல்ல விஷயம் வரும்போது குடைந்து கேட்டால் கை நழுவிவிடும் என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

மறுநாள் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தார்கள். அடுத்த நாள் போர்டில் நான். ராஜாஜிநகர் பக்கம் ஒரு பெரிய கடையில், அந்த மாதம் நன்றாக வேலை செய்த பெண்ணின் போட்டோவை இப்படித்தான் மாட்டிவைப்பார்கள். அதைப் பார்த்திருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உள்ளதைச் சொன்னால் என்ன, காலர் வைப்பதில் அந்த ஃப்ளோரில் என்னை அடிக்க ஆள் கிடையாது. கொடுக்கவேண்டியதைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

போர்டை போனில் படம் எடுத்து வீட்டில் காட்டினேன். என் கணவர் முருகேசன் பெயின்டர். அந்தப் படத்தைப் பெரிசாக்கி, லேமினேட் செய்து கொண்டுவந்து சுவரில் ஆணி அடித்தார்.

"நம்ம வீட்ல உயிரோட இருக்கும்போதே போட்டோ மாட்டினது உனக்குத்தான் ஃபர்ஸ்ட்" என்றார்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்க மைசூர்பாகு கொடுத்தோம். ஃபேக்டரிக்கும் ஒரு டப்பா கொண்டுபோனேன். எங்கள் பேட்ச் சூப்பர்வைசர் பிரகாஷ் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "கங்கிராட்ஸ் அக்கா" என்று சிரித்தான். அவனுக்குக் கன்னடமும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். எதைப் பார்த்துச் சிரித்தான் என்று இப்போது யோசித்தால் மைசூர்பாகு தொண்டையில் நிற்கிறது.

சமோசாவுக்குக் கையெழுத்து

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஆர். ரூமுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஏ.சி. ரூம். போட்டோவில் இருந்த மற்றவர்களில் மூன்று பேரும் வருவார்கள். ஆளுக்கு ஒரு டீ, ஒரு சமோசா. மேடம் இங்கிலீஷில் ஏதோ படிப்பார். நோட்டை நீட்டுவார். நான் தமிழில் கலாவதி என்று கையெழுத்துப் போடுவேன். 'உங்க கையெழுத்து அழகா இருக்கு' என்பார். சமோசாவும் நன்றாகத்தான் இருக்கும்.

எதற்குக் கையெழுத்து என்று ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கார்மென்ட்ஸில் எதற்குத்தான் கையெழுத்து இல்லை? கத்தரிக்கோல் வாங்கினால் கையெழுத்து, மாஸ்க் வாங்கினால் கையெழுத்து. ஊசி உடைந்தால் பெரிய கையெழுத்து. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டவேண்டும். கடுகு அளவு துண்டு குறைந்தாலும் பேட்ச் முழுக்க நிற்கும், எல்லாரும் முட்டிபோட்டுத் தேடுவோம். சட்டைக்குள் போய் யாரோ ஒரு வெள்ளைக்காரன் கழுத்தில் குத்திவிடக் கூடாது அல்லவா.

அதே காரணத்துக்காக ஊக்கு, கொண்டை ஊசி எதுவும் ஃப்ளோருக்குள் கொண்டுவரக் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே பேச்சு, இரண்டு எழுத்து

நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். எட்டாவது வரை தமிழில் படித்தேன். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு பேசுவேன். பஸ்ஸில் சண்டை என்றால் எனக்குக் கன்னடந்தான் முதலில் வரும். ஆனால் எழுத்து தெரியாது. பஸ் போர்டை நம்பரைப் பார்த்து ஏறுவேன். எங்கள் வயதுக்காரர்களில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம்.

நித்யா பீன்யா பக்கத்து லக்கெரேக்காரி. அவள் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் படித்ததெல்லாம் கன்னடப் பள்ளிக்கூடத்தில். தமிழில் அவள் பேரைக்கூட அவளுக்கு எழுதத் தெரியாது. டீ நேரத்தில் நான் வாரப்பத்திரிகையை வைத்துக்கொண்டு சத்தம்போட்டுப் படித்தால் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரே பேச்சு பேசுகிற இரண்டு பேர், ஒருத்தி படிப்பதை இன்னொருத்தியால் படிக்க முடியாது.

இந்தத் தொடரையும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் நான்தான் படித்துக் காட்டுகிறேன். நித்யா அவளுடைய உண்மைப் பெயர் இல்லை, அவளே தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர். "கொஞ்சம் ஸ்டைலா வைங்கக்கா" என்றாள்.

பூட்டாத ஊக்கு

போர்டுக்கு முன்னால் என்னை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு டீ இடைவேளையில் நித்யா என்னை மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கூப்பிட்டாள். அப்போது அவள் என் பக்கத்து மெஷின். நான் காலர், அவள் கஃப், சட்டைக் கை முனையில் வருகிற பட்டி.

"அக்கா, உங்ககிட்ட சொல்லணும்னு போட்டிருக்குது. அதான் வந்தேன்."

எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நல்ல வேலைக்காரியிடம் யோசனை கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"பிரகாஷ் சாரு தையல் சரியில்லன்னு பின்னால வந்து நிக்கிறாருக்கா. தோள்மேல கை வைக்கிறாரு. கை அங்கயே நிக்க மாட்டேங்குது. நேத்து காதுகிட்ட குனிஞ்சு, ஞாயித்துக்கிழமை எங்கூட வெளிய வா, இல்லன்னா அயர்னிங்குக்கு மாத்திடுவேன்றாரு."

அயர்னிங் என்றால் நாள் முழுக்க நீராவியில் நிற்கவேண்டிய இடம். எனக்கு அது புதிய செய்தியும் இல்லை, பெரிய செய்தியும் இல்லை. பிரகாஷ் போனால் இன்னொருத்தன், அந்த ஃபேக்டரி இல்லாவிட்டால் வேறொரு ஃபேக்டரி. இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

"இவ்ளோதானா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி. நான் ஒரு வழி சொல்றேன்" என்றேன்.

என் துப்பட்டாவை விலக்கிக் காட்டினேன். சுடிதார் மேல் போடுகிற துப்பட்டாவை இடது தோளில் மடித்து ஊக்கு குத்துவது பெண்கள் வழக்கம், ஃப்ளோரில் அதை ஒளித்துத்தான் செய்யவேண்டும். அந்த ஊக்கைப் பூட்டாமல், முனை வெளியே பார்க்கும்படி, துணி மடிப்புக்குள் மறைத்துவைப்பது என் கண்டுபிடிப்பு. வேறொரு ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது, எனக்கு நித்யா வயதிருக்கும், கண்டுபிடித்தேன். முதன்முதலில் ஒருத்தன் 'ஆ' என்று கையை உதறினானே, அந்தச் சத்தம் இன்னும் எனக்கு இனிக்கிறது. அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? தோளில் ஏன் கை வைத்தாய் என்று கேட்பார்களே.

"உள்ள பின்னு கொண்டாரக் கூடாதேக்கா" என்றாள் நித்யா.

"உள்பாவாடை நாடால குத்தி எடுத்துட்டு வா. செக்யூரிட்டி அங்கயா கை வைக்கும்?"

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான். வேலை செய்யும் பாரு."

என்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய உதவி செய்த திருப்தியோடு நான் டீயைக் குடித்தேன்.

ஐந்து கையெழுத்து

இப்போது போர்டுக்கு வருவோம்.

நித்யா என் போட்டோவுக்குக் கீழே விரலை வைத்து, கன்னடத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் சொன்னாள். வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்குத் தொல்லை கொடுத்தால் புகார் செய்யவேண்டிய கமிட்டி. இவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் பயமில்லாமல் சொல்லலாம். தொழிலாளிகள் சார்பில் கலாவதி, டைலர், பேட்ச் ஏழு.

"கீழ உங்க போன் நம்பரு" என்றாள்.

நம்பர் எனக்குப் படிக்க வரும். இரண்டு வருஷமாக என் பல்லைத்தான் பார்த்தேனே தவிர, நம்பரைப் பார்க்கவில்லை. அப்போதுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் மூன்று நான்கு தடவை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்திருக்கிறது. பெண் குரல். 'கலாவதியா?' என்று மெதுவாகக் கேட்கும். வேலை நேரத்தில் வந்த எரிச்சலில் நான் 'யாரும்மா நீ, என்னா வேணும்?' என்று அதட்டுவேன். வைத்துவிடுவார்கள். ராங் நம்பர் என்று விட்டுவிட்டேன்.

போட்டோக்களுக்குப் பக்கத்தில், எச்.ஆர். நோட்டிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள் புதிதாகக் குத்தியிருந்தது. பையர் பார்ப்பதற்காக, இங்கிலீஷிலும் கன்னடத்திலும்.

"இதுல என்னா போட்டிருக்குது தெரியுமா? இந்த மூணு மாசத்துல ஒரு கம்ப்ளெயின்ட்டும் வரலன்னு போட்டிருக்குது. கீழ அஞ்சு கையெழுத்து. நாலு இங்கிலீஷு. இது எனக்குப் படிக்க வரல. தமிழு. இந்த ஃப்ளோர்ல தமிழ்ல கையெழுத்துப் போடுறது யாருக்கா?"

எட்டிப் பார்த்தேன். கலாவதி என்றுதான் இருந்தது.

"ரெண்டு மாசமா காத்துட்டிருந்தேன். அக்கா மேல சொல்லிட்டிருப்பாங்க, மெல்ல நடக்கும்னு. நீங்க பின்னு குடுத்தது சும்மா அதுவரைக்கும் சமாளிக்கன்னு நினைச்சேன்."

"பின்னு வேலை செஞ்சுதா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

"செஞ்சுது. மூணு நாளு தள்ளி நின்னாரு. நாலாவது நாளு வலது பக்கம் வந்தாரு."

அவளே புகார் எழுதப்போவதாகச் சொன்னாள். முதலில் உங்களிடந்தான் சொன்னேன் என்பதையும் எழுதுவேன் என்றாள். தெரிந்தும் மறைத்தது, ஊக்கு உள்ளே கொண்டுவந்தது, இரண்டில் ஒன்று போதும், என் வேலை போய்விடும்.

"என் பேர எடுக்காதடி. உன் கால்ல வேணா விழறேன்."

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"சரிக்கா" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன்.

அதே கை

புகாரை அவள் என்னிடமே கொடுத்தாள், கமிட்டி ஆள் நான்தானே. மூன்று நாள் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தாளில் சாம்பார் கறை வந்துவிட்டது.

ஏன் தயங்கினேன் என்று கேட்டால், பயம் பாதி, பிரகாஷ் பாதி. முருகேசன் ஒருதடவை சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபோது, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வரிசையில் இரண்டு நாள் நின்றவன் பிரகாஷ்தான். எனக்கு இட்லிப் பொட்டலம் வாங்கிவந்து, 'சாப்பிடுங்க அக்கா, நீங்க விழுந்துட்டா யாரு பாப்பாங்க' என்று பிரித்துக் கையில் கொடுத்தான். எட்டு வருஷத்தில் என்னை ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. அந்த இட்லியைக் கொடுத்த கையும் நித்யா தோளில் ஊர்ந்த கையும் ஒரே கைதான். ஒன்று நிஜம், இன்னொன்று வேஷம் என்று பிரித்துவிட்டால் சுலபம். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும் நிஜமாகத்தான் தெரிந்தன.

முருகேசனிடம் சொன்னேன். சுவரில் இருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இது பரிசு இல்லயா?"

"இல்ல."

"மைசூர்பாகு வேற குடுத்தமே" என்றார் பாவமாக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு, "பிரகாஷ் நமக்குச் செஞ்சதுக்கு நாம கும்பிடலாம். அதுக்கு அந்தப் பொண்ணு எதுக்கு வட்டி கட்டணும்?" என்றார். பெயின்ட் அடிக்கிற மனிதர், எப்போதாவது இப்படி ஒன்று சொல்வார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எச்.ஆர். மேடம் படித்து முடித்துவிட்டு, "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம்" என்றேன்.

இரண்டு பக்கம்

விசாரணை அதே சமோசா ரூமில். மேஜைக்கு ஒரு பக்கம் கமிட்டி ஐந்து பேர், அதில் நான் கடைசி நாற்காலி. சட்டப்படி வெளியிலிருந்து ஒருத்தர் வரவேண்டுமாம். நரைத்த தலை, காட்டன் புடவை, ஒரு அம்மா வந்திருந்தார். போர்டில் ஐந்தாவது போட்டோ அவருடையது. வழக்கமாக நோட்டு அவர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கி வருமாம், நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். அங்கே பேசியதெல்லாம் கன்னடம், தமிழில் தருகிறேன்.

முதலில் பிரகாஷ் வந்தான். வேலை சொல்லிக்கொடுத்தேன், வேறொன்றும் இல்லை என்றான். "அப்படி நடந்திருந்தா ரெண்டு மாசம் ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல? டார்கெட் கேட்ட கோவத்துல இட்டுக்கட்டறா. கலாக்காவையே கேளுங்க, எட்டு வருஷமா என்னைப் பாக்குறாங்க" என்று என் பக்கம் திரும்பினான். நான் மேஜையைப் பார்த்தேன். அவன் வெளியே போனான்.

பிறகு நித்யா வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் தேதி சொல்லாமல், ஆனால் வரிசையாகச் சொன்னாள்.

"ரெண்டு மாசமா யார்கிட்டயும் சொல்லலயா?" என்று கேட்டார் எச்.ஆர். மேடம்.

நித்யா என்னைப் பார்க்கவே இல்லை.

"இல்ல மேடம்."

"ஒரு ஃப்ரெண்டுகிட்டகூட?"

"இல்ல."

மேடம் எழுத ஆரம்பித்தார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அந்த ஒரு வரி போதும், அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். வாக்குக் கொடுத்துவிட்டதால் அந்தப் பெண் அதைத் தானே எடுத்துக் கொடுக்கிறாள்.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கால் எழுந்தது, நான் பின்னால் போனேன்.

"எங்கிட்ட சொன்னா மேடம். ரெண்டு மாசம் முன்னாடி."

"கலாவதி, நீங்க கமிட்டி மெம்பர். உட்காருங்க."

"எந்தப் பக்கம் உட்காரணும்னு தெரியலயே மேடம்."

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். வெளியிலிருந்து வந்த அம்மா, நித்யாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். மேஜையைச் சுற்றிப் போய் உட்கார்ந்தேன். நித்யாவின் கை ஐஸ் மாதிரி இருந்தது. போன தடவை அவள் என்னைப் பிடித்ததைவிட இறுக்கமாக நான் பிடித்தேன்.

"அவ சொன்னதும் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

துப்பட்டாவிலிருந்து ஊக்கை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எப்படிக் குத்துவது, எப்படி உள்ளே கொண்டுவருவது, எல்லாவற்றையும் சொன்னேன். எச்.ஆர். மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பையர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருப்பார்.

"இதை எத்தனை பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க?"

விரல் விட்டு எண்ணினேன். எண்ணும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இங்க மட்டும் பத்துப் பேருக்கு இருக்கும்."

"அப்போ உங்ககிட்ட பத்துக் கம்ப்ளெயின்ட் வந்திருக்கு" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தாளில் பத்து என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

உடைந்த ஊசிக்கு ரெஜிஸ்டர் வைத்து, ஒரு துண்டு விடாமல் ஒட்டிய கை என்னுடையது. இந்தப் பத்து எனக்கு எண்ணிக்கையாகவே தோன்றியதில்லை. ஆனால் ஒன்று, அன்றைக்கு எனக்கு வேறு என்ன தெரியும்? ஊக்கு இல்லாமலிருந்தால் அந்தப் பத்துப் பேரும் என்ன செய்திருப்பார்கள்? நான் காப்பாற்றினேனா, வாயை அடைத்தேனா? அந்த அம்மாவிடமே கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "எனக்கும் தெரியலம்மா" என்றார். படித்தவர்களுக்கும் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது டப்பா

என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். பிரகாஷ் தப்பு செய்தது உண்மை என்று கமிட்டி எழுதியது. அவனை வேறொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவன் சூப்பர்வைசர்தான். நித்யா ஒரு மாதம் இருந்தாள். எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று நின்றுவிட்டு, லக்கெரேயில் ஒரு மொபைல் கடையில் சேர்ந்தாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஊக்கு கொண்டுவந்ததற்காக. அதிலும் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை ஒரு பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டேன்.

"நாம ஜெயிச்சமா தோத்தமாக்கா?" என்று நித்யா போனில் கேட்பாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் வேறு வேறு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாட்சி சொன்னவள் கமிட்டியில் இருக்கக் கூடாது என்று போர்டிலிருந்து என் போட்டோவை எடுத்துவிட்டார்கள். அந்த இடம் சில வாரம் காலியாகக் கிடந்தது. அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மஞ்சுளா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஹாசன் பக்கத்துப் பெண், எங்கள் பேட்சில் பட்டன் வைப்பவள். பேசுவது கன்னடந்தான். கையில் ஒரு ஸ்வீட் டப்பா.

"அக்கா, போர்டுல என் போட்டோ போட்டிருக்காங்க!"

மைசூர்பாகு. ஒன்றை எடுத்து என் வாயிலேயே வைத்துவிட்டாள்.

"கீழ எழுதியிருக்கறதப் படிச்சியா?" என்று கேட்டேன். அவளுக்குத்தான் எழுத்து தெரியுமே.

"படிச்சேன்கா. கமிட்டின்னு போட்டிருக்கு. நல்லா வேலை செய்றவங்களத்தானே கமிட்டில போடுவாங்க?"

எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுத்து தெரியாததால்தான் எனக்கு எல்லாம் நடந்தது என்று இத்தனை நாளும் மனதைத் தேற்றிவைத்திருந்தேன். இவள் படித்திருக்கிறாள். படித்துவிட்டுத்தான் டப்பா வாங்கியிருக்கிறாள்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் இடது தோளில் துப்பட்டா மடிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"பின்னு வச்சிருக்கியா?"

மஞ்சுளா சிரித்துக்கொண்டே மடிப்பை விலக்கிக் காட்டினாள். அந்தப் பத்துப் பேரில் இவளும் ஒருத்தி, நான் மறந்தே போயிருந்தேன். பிறகு வலது பக்கமும் விலக்கிக் காட்டினாள்.

"இப்போ ரெண்டு வச்சிருக்கேன்கா. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

வாயிலிருந்ததை ஒருவழியாக விழுங்கினேன். டப்பாவை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளை என் அருகில் உட்காரவைத்தேன்.

"பிரகாஷ்தான் போயிட்டானே. இந்த ரெண்டும் யாருக்கு?"

அவள் சிரிப்பு நின்றது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. எல்லாரும் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு மெஷினுக்கு ஓடினார்கள். மஞ்சுளா எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.